ஒரே நேரத்தில் எத்தனை வீட்டுக்கு வாக்குக் கொடுப்பது? – இன்டீரியர் தொழிலும் நம் இல்லமும்



நமது மடலில் கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி பற்றி அடிக்கடி எழுதி வருகிறோம். இம்முறை ஒரு தொழிலைப் பற்றி எழுதுகிறோம். செஞ்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் பிள்ளைகள் பலர் இன்று இன்டீரியர் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். சிலர் வளைகுடாவில் தச்சு வேலையும் ஃபால்ஸ் சீலிங் வேலையும் கற்று ஊர் திரும்பியவர்கள். சிலர் பாலிடெக்னிக் படித்தவர்கள். சிலர் தந்தையின் மரக்கடையை, பெயிண்ட் கடையைப் புது முறைக்கு மாற்றியவர்கள். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட், ஜிப்சம் சீலிங் என்று செய்து கொடுக்கிறார்கள். ஹலாலான, கண்ணியமான தொழில்.

ஆனால் கடந்த சில ஆண்டுகளில் அறக்கட்டளைக்கு வந்த பிணக்குகளில் இந்தத் தொழிலைச் சேர்ந்தவை அதிகம். "அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்கவில்லை" என்று வீட்டுக்காரர் வருவார். "என் மகன் நள்ளிரவுக்குத்தான் வீடு வருகிறான், பிள்ளைகள் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை" என்று தாயார் வருவார். இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்றே முதலில் நினைத்தோம். ஒரு சகோதரரின் கணக்கை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இரண்டும் ஒன்று என்று விளங்கியது. அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் அதை இங்கே எழுதுகிறோம்.

ஒரு சகோதரரின் கணக்கு

அவர் வளைகுடாவில் ஏழு ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்து இங்கே சிறிய கடை போட்டவர். கை சுத்தமான வேலைக்காரர். முதல் ஆண்டு ஒவ்வொரு வீடாகச் செய்தார், நல்ல பெயர் வந்தது. பெயர் வந்ததும் வேலையும் வந்தது. யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எல்லோரும் தெரிந்தவர்கள், ஒரே ஜமாஅத், ஒரே தெரு. ஒரு கட்டத்தில் நான்கு வீடுகளை ஒன்றாக எடுத்திருந்தார்.

வீட்டுக்காரர் ஒருவர் ஜமாஅத்தில் முறையிட்ட பிறகு அவரை அழைத்துப் பேசினோம். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தோம். அவர் வந்து உட்கார்ந்தவுடன் அழுதுவிட்டார். இரண்டு மாதமாகப் பாதி நேரம் போனை அணைத்து வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் எதிரில் வருவாரோ என்று ஜும்ஆவுக்குக்கூட வேறு பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார்.

ஒரு தாளை எடுத்து அவரோடு கணக்கு எழுதினோம். நான்கு வீடுகளிலும் வாங்கிய பணம் 6,20,000 ரூபாய். மனைவியின் ஆறு பவுன் நகையை அடகு வைத்து வாங்கியது 1,50,000. ஆக மொத்தம் 7,70,000. இதில் நான்கு வீட்டுப் பொருளுக்கும் கூலிக்கும் போனது 5,40,000. கடை வாடகை, வீட்டுச் செலவு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 1,70,000. கடைக்குக் கண்ணாடியும் பெயர்ப்பலகையும் 48,000. கையில் இருந்தது 12,000.

நான்கு வீட்டையும் முடிக்க இன்னும் 3,10,000 ரூபாய் வேண்டும். வீட்டுக்காரர்கள் தர வேண்டியதோ 2,60,000 மட்டும். ஐம்பதாயிரம் பள்ளம். அதன்மேல் அடகுக் கடன்.

அவர் சூதாடவில்லை, வீண் செலவு செய்யவில்லை. பிறகு எங்கே போனது? நடுவில் வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்ட கூடுதல் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னோம். "இந்த லேமினேட் நிறம் வேண்டாம், மாற்றிவிடு." "பூஜை அறைக்கு ஒரு கதவு சேர்த்துக் கொடு." "லாஃப்ட்டையும் மூடிவிடு." எதற்கும் விலை பேசவில்லை, எதையும் எழுதவில்லை. கூட்டிப் பார்த்தால் 64,000 ரூபாய். அந்தப் பள்ளத்தை விட அதிகம்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். லேமினேட் அறுத்து ஒட்டிய பிறகு நிறத்தை மாற்றச் சொன்னவர் நம் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒருவரே. அன்று அந்த அறையில் அவரும் இருந்தார்.

மார்க்கத்தில் இத்தொழிலின் இடம்

நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் மிம்பர் அமைந்த விதமும் நமக்குத் தெரிந்ததே. நபி (ஸல்) அவர்கள் ஓர் அன்ஸாரிப் பெண்மணிக்கு ஆளனுப்பி, அவரிடமிருந்த தச்சுப் பணியாளரைக் கொண்டு, அமர்ந்து பேசுவதற்கு ஒரு மேடை செய்து தரச் சொன்னார்கள். ஃகாபா என்னும் பகுதியின் மரத்தால் அது செய்யப்பட்டது. ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்களின் அறிவிப்பாக இது புகாரியில் உள்ளது.

இன்னும் உருவாகாத ஒரு பொருளை இப்படிச் செய்து தா என்று சொல்லிச் செய்யும் ஒப்பந்தத்துக்கு ஃபிக்ஹு நூல்களில் 'இஸ்திஸ்னா' என்று பெயர். இதற்கு ஆதாரம் பேசும்போது அறிஞர்கள் இந்த மிம்பரையும் குறிப்பிடுவார்கள். கையில் இல்லாத பொருளை விற்கக் கூடாது என்பது பொதுவிதி. ஆனாலும் மக்களின் தேவையை முன்னிட்டு ஹனஃபி மத்ஹபின் இமாம்கள் இதை ஆகுமாக்கினார்கள். மற்ற மத்ஹபுகளில் பெரும்பாலும் ஸலம் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை இதற்குப் பொருத்துவார்கள். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை ஆராய்ந்து தீர்மானம் தந்தது. பொருளின் இனம், தரம், அளவு, முடிக்கும் காலம் தெளிவாக இருக்க வேண்டும். விலையைத் தவணையாகவோ பிறகோ கொடுக்கலாம். தாமதத்துக்கு ஈடு கொடுக்கும் நிபந்தனையை இருவரும் சம்மதித்துச் சேர்த்துக்கொள்ளலாம், தடுக்க முடியாத காரணத்தால் தாமதமானால் அது பொருந்தாது.

நம் பிள்ளைகள் கிச்சன் செய்து தருவதாக ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு வேலையும் இந்த வகைதான். இது நட்புக்காகச் செய்யும் உபகாரமன்று. ஓர் உடன்படிக்கை.

நேரம் எங்கே போகிறது?

இத்தொழில் செய்யும் சகோதரர்களிடம் கேட்டால் "நேரமே இல்லை" என்பார்கள். உண்மையில் அவர்களின் நேரத்தைத் தின்பது வேலை மட்டுமன்று. காப்பாற்ற முடியாத வாக்குறுதிகளே அதைவிட அதிகம் தின்கின்றன. ஒரு கணக்கு பார்ப்போம்.

3,60,000 ரூபாய்க்கு ஒரு வீட்டு வேலை என்று வைத்துக்கொள்வோம். பொருள் 2,10,000. ஆசாரி, பெயிண்டர், எலக்ட்ரீசியன் கூலி 90,000. வண்டி வாடகை, கழிவு, சில்லறைச் செலவு 20,000. உரிமையாளருக்கு மிஞ்சுவது 40,000. வேலை 45 நாளில் முடிந்தால் அவருக்கு நாளொன்றுக்கு 889 ரூபாய். இழுத்து 75 நாளானால் 533 ரூபாய். ஆசாரியின் நாள் கூலி ஆயிரம் ரூபாய் என்றால், முதலாளி தன் ஆசாரியை விடக் குறைவாகச் சம்பாதிக்கிறார், தூக்கத்தையும் இழக்கிறார்.

இந்தக் குறையைச் சரிக்கட்ட அவர் இன்னொரு வீட்டின் அட்வான்ஸை வாங்குகிறார். அதிலிருந்து முதல் வீட்டுக்குச் சாமான் வாங்குகிறார். இரண்டாம் வீட்டுக்குப் பணம் போதாததால் மூன்றாம் வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருப்பதாகக் காட்ட, இரண்டே ஆசாரிகளைக் காலையில் ஓரிடம், மதியம் ஓரிடம் என்று மாற்றி அனுப்புகிறார். நாள் முழுதும் சமாதானம் சொல்வதிலேயே போகிறது. இரவு வீட்டில் இருந்தாலும் மனம் வீட்டில் இல்லை. இவருக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுத்து என்ன பயன்? வாக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் வீட்டுக்கு நேரம் கிடைக்கும்.

வரும் காலத்தில் இந்தச் சோதனை கூடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலப் பன்னிரண்டு கோட்டைகளின் தொகுப்பு சேர்ந்தது. பதினொன்று மகாராஷ்டிராவில் இருக்க, பன்னிரண்டாவது நம் செஞ்சிக் கோட்டை. பயணிகள் வரவு கூடும், தங்கும் விடுதிகளும் உணவகங்களும் புதுப்பிக்கப்படும் என்று வியாபாரிகள் எதிர்பார்க்கிறார்கள். அந்த வேலை நம் பிள்ளைகளுக்கும் வரட்டும், அல்ஹம்துலில்லாஹ். அதற்கு முன் ஒழுங்கைப் பழகிக்கொள்ள வேண்டும்.

அட்வான்ஸ் ஓர் அமானிதம்

வாக்குக்கு மாறு செய்வதும் அமானிதத்தில் மோசம் செய்வதும் நயவஞ்சகனின் அடையாளங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும் ஹதீஸ் அது. வாங்கிய அட்வான்ஸுக்கு அதை நாம் பொருத்திப் பார்க்கிறோமா?

சட்டப்படியும் ஃபிக்ஹுப்படியும் அட்வான்ஸ் விலையின் ஒரு பகுதி என்பது சரி. ஆனால் அதற்கான வேலையைச் செய்து கொடுக்கும் வரை அது நம் கழுத்தில் தொங்கும் பொறுப்பு. கடன் வைத்து இறந்த ஒருவரின் ஜனாஸா வந்தபோது நபி (ஸல்) அவர்கள் தாம் முன்னின்று தொழவைக்கத் தயங்கினார்கள். அபூ கத்தாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழவைத்தார்கள். புகாரியின் அறிவிப்பில் அந்தக் கடன் மூன்று தீனார்கள்தாம். அரைகுறையாக நிற்கும் நான்கு கிச்சன்களை விட்டுவிட்டு ஒருவர் திடீரென்று இறந்தால், அவர் மனைவி மக்கள் என்ன பதில் சொல்வார்கள்?

ஆகவே நான்கு வழக்கங்களைப் பரிந்துரைக்கிறோம்.

ஒன்று, தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையைச் சம்பளம் போல எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் தொடக் கூடாது.

இரண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் நோட்டில் தனிப் பக்கம். அந்த வீட்டுப் பணம் அந்த வீட்டுக்கே. அடுத்த வீட்டுக்கு எடுக்க நேர்ந்தால் அது கடன் என்று அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதும்போது கை தயங்கும். அந்தத் தயக்கமே பாதி பாதுகாப்பு.

மூன்று, பணத்தை வேலையின் கட்டங்களோடு இணைப்பது. பொருள் வாங்கும் முன் ஒரு பங்கு, பெட்டிகள் பொருத்தியதும் ஒரு பங்கு, லேமினேட்டும் கீல்களும் முடிந்ததும் ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மீதி.

நான்கு, கையிலுள்ள ஆசாரிகள் எத்தனை குழுவோ அத்தனை வீடு மட்டும். இரண்டு குழு இருந்தால் இரண்டு வீடு. மூன்றாமவர் வந்தால், "இன்ஷா அல்லாஹ், இன்ன தேதிக்குப் பிறகு தொடங்குகிறேன், அதுவரை அட்வான்ஸ் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். சிலர் வேறிடம் போவார்கள். ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது.

எழுதிக்கொள்வோம்

குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282ஆவது வசனம். அது கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்ற கருத்தும் அதிலேயே உள்ளது. "நமக்குள் என்ன எழுத்து?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நமக்குள் என்பதால்தான் எழுத வேண்டும். பிணக்கு வந்தால் நம் உறவே முறியும்.

என்ன எழுதுவது? பிளைவுட் எந்தத் தரம், எத்தனை மில்லிமீட்டர். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கான பிளைவுட், ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட். சிங்க்குக்குக் கீழே எது, படுக்கையறையில் எது என்று குறிப்பிட வேண்டும். பலகை எட்டுக்கு நான்கு அடி, அதாவது 32 சதுர அடி. எத்தனை பலகை என்று எழுதினால் விலையில் சந்தேகம் எழாது. லேமினேட்டின் தடிமனும் எண்ணும், கீலும் சேனலும் எந்த நிறுவனம், தொடங்கும் நாள், முடிக்கும் நாள், பணக் கட்டங்கள் எல்லாம் இடம்பெற வேண்டும். கடைசியாக ஒரு வரி: ஒப்புக்கொண்டதற்கு மேல் கேட்கும் வேலைக்கு விலையும் கூடுதல் நாளும் எழுதிக் கையொப்பமான பிறகே கை வைப்போம். அந்தச் சகோதரரிடம் இந்த ஒரு வரி இருந்திருந்தால் 64,000 ரூபாய் தொலைந்திருக்காது.

மாதிரி ஒப்பந்தப் படிவம் ஒன்றைத் தயாரித்து அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். தேவைப்படுவோர் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

ஊரின் நாட்காட்டியை அறிந்து தேதி சொல்வோம்

செஞ்சிக்கு ரயில் இல்லை. பலகையும் கண்ணாடியும் சாலை வழியாகத்தான் வர வேண்டும். பௌர்ணமி கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை செல்லும் கூட்டமும், அமாவாசைக்கு மேல்மலையனூர் செல்லும் கூட்டமும் நம் ஊர் வழியாகவே போகின்றன. அந்த நாட்களில் சரக்கு வருவதாகச் சொல்லித் தேதி கொடுத்தால் வாக்குத் தவறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதத்தால் மரப் பாலிஷ் வெளுத்துப் போகும், பட்டி காய நாளாகும். அந்த மாதங்களில் ஒரு வாரம் கூட்டியே தேதி சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு பத்து, பதினோரு நாள் குறைவு என்பதால் ரமலான் ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் வரும் ரமலான், 2029இல் ஜனவரி நடுவில் பொங்கலை ஒட்டி வரும். பிறையைப் பொறுத்து ஓரிரு நாள் மாறலாம். இந்துச் சகோதரர்கள் தை மாதப் புதுமனை புகுவிழாவுக்கு முன் வேலையை முடிக்கச் சொல்வார்கள். நம்மவர்கள் ரமலானுக்கு முன் முடிக்கச் சொல்வார்கள். இரண்டு நெருக்கடியும் இனி ஒரே மாதத்தில் வரப்போகின்றன. இப்போதே வேலைகளைப் பிரித்து ஒப்புக்கொள்ளாவிட்டால், ரமலானின் கடைசிப் பத்து இரவுகளைத் தராவீஹ் தொழுகைக்குப் பதில் அறுவை இயந்திரத்தோடு கழிக்க நேரிடும். ஆடி மாதத்தில் புதுமனை புகுவிழாக்கள் நடப்பதில்லை என்பதால் வேலை இளைக்கும். குடும்பத்தோடு நான்கு நாள் வெளியூர் போக அதுவே தக்க காலம்.

நாளுக்கும் ஓர் எல்லை வேண்டும். வளைகுடாவிலிருந்து வீடு கட்டுகிறவர்கள் வேலை முடிந்து ஓய்வாகப் பேசுவார்கள். ரியாத்தில் இரவு ஒன்பது என்றால் இங்கே 11.30. அவர் மேல் தவறில்லை, அவருக்குக் கிடைக்கும் நேரம் அது. ஆனால் மூன்று பேர் அப்படிப் பேசினால் ஃபஜ்ர் போய்விடும். முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: "தினமும் அஸருக்குப் பின் வேலையின் படம் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் விடுமுறையில் பத்து நிமிடம் பேசுவோம். இஷாவுக்குப் பின் போன் எடுக்க மாட்டேன்." நேரத்துக்குப் படம் வந்தால் யாரும் நள்ளிரவில் அழைப்பதில்லை என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட வேண்டும் என்பதும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடலாம் என்பதும் ஸூரா ஜும்ஆவின் கட்டளைகள். ஆகவே வெள்ளிக்கிழமை முழுதும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும். தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் கடை ஊழியருக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. ஊழியருக்குக் கொடுக்கும் அந்த நாளைத் தனக்கும் கொடுத்துக்கொள்ளலாமே.

உரிமை உடையோர்

ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போனபோது, அவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்து மனைவியைக் கவனிக்காததைக் கண்டார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைச் சரி என்றார்கள். வணக்கத்துக்காகவே குடும்பத்தின் உரிமையை எடுக்க முடியாது என்றால், வார்ட்ரோப் வேலைக்காக எடுக்க முடியுமா? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றார்கள் அன்னை ஆயிஷா (ரலி).

மனைவியின் நகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மஹராகக் கிடைத்ததும் தாய்வீட்டார் அவருக்கென்று போட்டதும் அவருடைய சொத்து. கணவர் தொழிலுக்காகக் கேட்கலாம். அவர் மனம் ஒப்பிக் கொடுத்தால் வாங்கலாம், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும், திருப்பித் தர வேண்டும். கேட்காமல் எடுப்பதும், மறுக்க முடியாதபடி நெருக்குவதும் ஆகாது. அடகுக்குப் போனால் வட்டியும் சேர்கிறது. அந்த நிலைக்கு வரும் முன் அறக்கட்டளையை நாடுங்கள். பெரும் தொகை தர நம்மிடம் வசதி இல்லை. ஆனால் வீட்டுக்காரர்களை அழைத்து உட்காரவைத்துத் தவணை வாங்கித் தர முடியும்.

மாதம் ஒரு நாள் கணக்கு நோட்டை மனைவியின் முன் விரிக்கவும் பரிந்துரைக்கிறோம். படித்த பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எந்த வீட்டிலிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று மனைவிக்குத் தெரிந்தால் வீண் செலவும் குறையும், வீண் சந்தேகமும் குறையும். நம் பெண்களில் சிலர் வடிவமைப்பே படிக்கிறார்கள். அளவெடுத்து வரைபடம் போடும் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். அதில் வரும் ஊதியம் அவர்களுடையது.

வேலையாட்களின் உரிமையும் இதில் அடங்கும். வியர்வை உலரும் முன் கூலி தரச் சொல்லும் ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது. வீட்டுக்காரர் தரவில்லை என்பது ஆசாரிக்குச் சொல்லும் காரணமன்று. சனிக்கிழமை அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். தச்சர், பெயிண்டர், எலக்ட்ரீசியன் ஆகியோர் 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவை உண்டு. தம் ஆட்களைப் பதிவு செய்ய வைப்பது முதலாளியின் கடமை என்று கருதுகிறோம்.

சில அரசு விஷயங்கள்

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் ஆதார் கொண்டு செய்வது. கட்டணம் எதுவும் இல்லை, பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். இது லாபக் கணக்கன்று, மொத்த வரவுக் கணக்கு. 3,60,000 ரூபாயில் ஆறு வீடு செய்தாலே 21,60,000 ஆகிவிடும். எனவே கணக்காளர் ஒருவரை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாளையே ஜகாத் கணக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். அறுவை இயந்திரம், டிரில் போன்ற கருவிகளுக்கு ஜகாத் இல்லை, வியாபாரச் சரக்குக்கு உண்டு. நிலுவையும் அட்வான்ஸும் எப்படிச் சேரும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வேலையை முடிக்காமல் விட்டால் வீட்டுக்காரர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விழுப்புரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன் ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பது இருவருக்கும் நல்லது.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

வேலை கொடுப்பவர்களும் நம்மவர்களே. நடுவில் மாற்றம் கேட்டால் அதற்கு விலை உண்டு என்று ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு ஒரு கைப்பிடி சரியில்லை என்று சொல்லி 30,000 ரூபாயை ஆறு மாதம் பிடித்து வைக்காதீர்கள். அந்தக் கைப்பிடிக்கு உரியதை மட்டும் நிறுத்தி வையுங்கள். வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி. வலீமா நாளில் பந்தியில் பார்த்து "என்னப்பா, என் வேலை எப்போது?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். அவர் அன்று தம் பிள்ளைகளோடு சாப்பிட வந்திருக்கிறார்.

அந்தச் சகோதரருக்கு என்ன ஆயிற்று?

நான்கு வீட்டுக்காரர்களையும் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் அழைத்தோம். கணக்குத் தாளை அவர்கள் முன் வைத்தோம். மூவர் தாங்கள் கேட்ட கூடுதல் வேலைக்கான பணத்தைத் தர ஒப்புக்கொண்டார்கள். நம் நிர்வாகி முதலில் கொடுத்தார். நான்காமவர் ஒப்பவில்லை. எழுத்து இல்லாததால் நாங்களும் வற்புறுத்த முடியவில்லை. அவர் வேலையையும் இவர் முடித்துக் கொடுத்தார், நஷ்டத்தோடு. ஒரு வீட்டை முடித்த பிறகே அடுத்த வீடு என்று ஆட்களை நிறுத்தியதால், ஐந்து மாதத்தில் நான்கும் முடிந்தன. அந்த ஐந்து மாதமும் புது அட்வான்ஸ் வாங்கவில்லை. குடும்பம் சிரமப்பட்டது. மனைவியின் தையல் வருமானம்தான் அரிசிக்கு உதவியது.

இன்று அவர் ஒரே நேரத்தில் இரண்டு வீடுகளுக்கு மேல் எடுப்பதில்லை. ஆறு பவுனில் நான்கு பவுன் திரும்பிவிட்டது, இரண்டு இன்னும் அடகில் இருக்கிறது. நான்காம் வீட்டுக்காரர் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் அவர் போன் இப்போது திறந்திருக்கிறது. ஜும்ஆவுக்கு நம் பள்ளிவாசலுக்கே மகனைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார்.

இத்தொழிலில் இருக்கும் சகோதரர்கள் இன்றே ஒரு தாளை எடுங்கள். கையில் எத்தனை வீடு, வாங்கியது எவ்வளவு, முடிக்க வேண்டியது எவ்வளவு என்று எழுதுங்கள். கணக்கு இடித்தால் தயங்காமல் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். நீங்கள் சொல்வது நான்கு சுவருக்குள் இருக்கும்.

அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக! வாக்குகளை நிறைவேற்றும் ஆற்றலையும், இல்லங்களில் அமைதியையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்